142 அடித் தண்ணிக்குள்ள யாரோட வலை?

தேனி, கம்பம் பக்கம் உங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் இருந்தா ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுப் பாருங்க. '142' என்று மட்டும் சொல்லுங்க. அடுத்த செகண்ட் 'அடி' என்று பதில் வரும்! எங்க ஊர்ல டீக்கடையிலிருந்து காலேஜ் பஸ் வரைக்கும் முல்லைப் பெரியாறு நீர்மட்டம்தான் ஸ்கோர் போர்டு. 1979-ல் 152-லிருந்து 136-க்கு இறக்கினாங்க. 2014-ல் சுப்ரீம் கோர்ட் 142 வரை தேக்கலாம் என்று உறுதி செய்தது. இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனா அந்தத் தண்ணிக்குள்ள என்ன இருக்கு, அதை நம்பி யார் இருக்காங்க? எனக்கே இந்த இருபது வயசுலதான் கேட்கத் தோணுச்சு. அதுவும் சோத்துல கை வெச்சுக்கிட்டு!

குமுளி போயிட்டு வந்த சித்தப்பா ஜிலேபிக் கெண்டை வாங்கிட்டு வந்திருந்தார். 'அப்பத்தா, இது எந்த ஊரு மீனு?'

'டேம் மீனுய்யா. மன்னான் ஆளுக பிடிச்சது. பேசாம முள்ளு பாத்துத் தின்னு.'

பேசாம தின்னிருக்கலாம். ஆனா ஒரு டவுட். தேக்கடி ஏரி புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு. நாம போய் விறகு பொறுக்கினாலே கேஸ். அங்க எப்படி ஒருத்தர் வலை போட்டு, மீன் பிடிச்சு, கடைக்கு விக்க முடியும்?

முடியும். மன்னான், பளியர் என்ற இரண்டு பழங்குடி மக்களுக்கு மட்டும். பளியர் நமக்குப் புதுசு இல்ல, வருசநாட்டு மலையிலயும் இருக்காங்க. மன்னான் மக்கள் தங்கள் பூர்வீகம் மதுரைன்னு சொல்றாங்க. பேச்சும் தமிழை ஒட்டித்தான் இருக்கும். இடுக்கி மாவட்டம் கோவில்மலையில் இன்னைக்கும் இவங்களுக்கு ஒரு ராஜா உண்டு, ராஜமன்னான்! 1895-ல் பென்னிகுக் அணையைக் கட்டி முடிச்சதும் காடு ஏரியாச்சு. தண்ணி மலையைக் குடைஞ்சு நம்ம பள்ளத்தாக்குக்கு வந்துச்சு. நாம நெல் நட்டோம். காட்டுக்குள்ள இருந்த மக்களை 1940-களில் குமுளி ஓரத்துக்குக் கொண்டு வந்து குடிவைத்தார்கள். அதுதான் இன்றைய மன்னாக்குடி, பளியக்குடி. ஏரியில் மூங்கில் தெப்பத்துல போய் செவுள் வலை போடுறது அவங்க பிழைப்புகள்ல ஒண்ணு.

கேஜ் மாதிரி ஒரு வலை

செவுள் வலை பத்தி ஒரு நிமிஷம். மெக்கானிக்கல் பசங்களே, மெட்ராலஜி லேப்ல 'கோ, நோ-கோ கேஜ்' பார்த்திருப்பீங்களே? அதேதான்! வலை ஒரு திரை மாதிரி தண்ணிக்குள்ள தொங்கும். கண்ணியை விடச் சின்ன மீன் நுழைஞ்சு வெளியே போயிடும். ரொம்பப் பெரிசு முட்டித் திரும்பிடும். நடு சைஸ் மீன் தலையை விட்டு, பின்னாடி இழுக்கும்போது செவுள் மாட்டிக்கும். ஆக, எந்த மீன் சாகணும், எது பிழைக்கணும் என்பதை ஆள் முடிவு பண்றதுக்கு முன்னாடியே கண்ணி அளவு முடிவு பண்ணிடுது.

ஆனா இந்த கேஜுக்கு ஒரு பெரிய குறை. சைஸ் தெரியும், சாதி தெரியாது. தேக்கடி ஏரியில் ஜிலேபிக் கெண்டை, சாதாக் கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தின்னு வெளியூர் மீன்கள் நுழைஞ்சு பெருகிக் கிடக்கு. இதுங்களைப் பிடிச்சா ஏரிக்கு நல்லதுதான். அதே தண்ணியில லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்று ஒரு மீன் இருக்கு (வைவாவுல கேட்டா நான் அம்பேல்!). 1941-ல் சுந்தர ராஜ் என்ற விஞ்ஞானி உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது.  இது இருக்கிறது பெரியாற்றின் மேல்பகுதியில் மட்டும். வேற எங்கயும் கிடையாது. இப்போ அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கு. ஜிலேபிக்குப் போட்ட வலையில் இது ஏறினா?

அதனாலதான் ரூல் வேணும். கண்ணி அளவு மட்டும் போதாது. புதுத் தண்ணி வந்ததும் மீன் எதிர்த்து ஏறி முட்டையிடப் போகும். அந்த மாசத்துல, ஓடை வந்து சேருற வாயில வலை கூடாதுன்னு ஒரு கோடு போட்டா, அது கண்ணி அளவை விடப் பெரிய காவல். சரி, அந்தக் கோட்டை யார் போடுறது?

25 பாகமா, 45 பாகமா?

இதே கேள்வி சால்மன் மீனுக்காக கனடாவில் கோர்ட்டுக்குப் போச்சு. (நம்ம ஹோட்டல் மெனுவில் வர்ற 'இந்தியன் சால்மன்' வேற. அது காலா மீன்!) 1984-ல் ஃபிரேசர் ஆற்று முகத்துவாரத்தில் மஸ்குயம் பழங்குடியைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்பாரோ வலை போட்டார். லைசென்ஸ்படி வலை நீளம் 25 பாகம். நம்ம கடலோர மக்கள் ஆறு அடியை ஒரு பாகம்னு சொல்றாங்களே, அதே கணக்குதான். அவர் வலை 45 பாகம். கேஸ்! 'வலை நீளமா இருந்தது உண்மை. ஆனா மீன் பிடிக்கிறது எங்க முன்னோர் உரிமை, அதை ஏன் சுருக்கினீங்கன்னு நீங்க சொல்லுங்க' என்பது அவர் வாதம். 1990-ல் சுப்ரீம் கோர்ட் அந்த உரிமை உயிரோட இருக்குன்னு ஏத்துக்கிட்டது. முதலில் மீன் இனம் பிழைக்கணும், அடுத்து பழங்குடி மக்களோட சாப்பாடு, அதுக்கப்புறம்தான் மத்த எல்லாரும் என்று வரிசையும் போட்டது.

அது சாப்பாட்டுக்கு. வியாபாரத்துக்கு? 1998 ஆகஸ்ட்டில் மஸ்குயம் உட்பட மூன்று பழங்குடிகளுக்கு மட்டும் சால்மன் பிடிச்சு விக்க 24 மணி நேரம் கொடுத்தாங்க. வெறும் 24 மணி நேரம்! அதுக்கே மற்ற மீனவர்கள் 'இது பாரபட்சம்' என்று அதே நேரத்தில் வலை போட்டு, கேஸ் வாங்கி, சுப்ரீம் கோர்ட் வரை போய், 2008-ல் தோத்தாங்க.

அமெரிக்காவில் கிளாமத் ஆற்றின் யூரோக் மக்கள் இன்னும் ஒரு படி மேலே. அவங்க ரூல் அவங்களே எழுதுறாங்க. 2017-ல் சால்மன் வரத்து படு மோசம் என்றதும் தங்கள் வியாபார மீன்பிடிப்பைத் தாங்களே மூடினாங்க. உரிமை கையில் இருந்தா இஷ்டத்துக்கு அள்ளிடுவாங்க என்று சொல்றவங்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க.

'அது அமெரிக்கா, பாஸ்' என்கிறீங்களா? மத்தியப் பிரதேசம் தவா அணைக்கு வாங்க. அணையால் 44 கிராமங்கள் போச்சு. இடம் இழந்த ஆதிவாசிகளின் கூட்டுறவு அமைப்பான 'தவா மத்ஸ்ய சங்', போராடி 1996-ல் ஏரியின் மீன்பிடி குத்தகையை வாங்கியது. மழைக்காலத்தில் வலைக்கு லீவு, குஞ்சு விடுறது, விற்பனை எல்லாம் அவங்க கையில். பத்து வருஷம் ஓட்டினாங்க. 2006-ல் குத்தகை போச்சு. காரணம், ஏரி சாத்பூரா புலிகள் காப்பகத்துக்குள்ள வருது!

தேக்கடியும் புலிகள் காப்பகம்தான். இங்கே வலை ஓடுது, அங்கே நின்னுச்சு. ஒரே சட்டம், இரண்டு ரிசல்ட். இங்கே 1990-களின் கடைசியில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வந்தது பெரிய மாற்றம். அப்போதான் மன்னாக்குடி ஆட்கள் வட்டிக்காரரிடம் அடகு வெச்ச மிளகுத் தோட்டங்களை மீட்டாங்க. ஆனா குழுவுக்குத் தலைவர் மக்களில் ஒருத்தர், செயலாளர் வனத்துறை ஊழியர். நோட்டு யார் கையில் இருக்கோ ரூலும் அவர் கையில்தானே? அனுமதி என்பது கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கலாம். தவாவில் நடந்தது அதுதான்.

உரிமை வேற. 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ)-ல் நீர்நிலைகளின் மீனை சமூக உரிமை என்றே எழுதியிருக்கு. உபரியை விக்கிறதும் வாழ்வாதாரத் தேவைக்குள் அடங்கும் என்று அதன் விதிகள் சொல்லுது. கூடவே காட்டுயிரைக் காக்கும் பொறுப்பையும் அதே சட்டம் கிராம சபை தலையில் வைக்குது. என்னைக் கேட்டா, எந்த ஓடை வாயில் அந்த மீன் நிக்குதுன்னு தினமும் தெப்பம் தள்ளுறவங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? கோடு அவங்க போடட்டும். வனத்துறை, யூனிவர்சிட்டி எல்லாரும் பக்கத்துல நின்னு அளந்து பார்க்கட்டும்.

இதையெல்லாம் அப்பத்தாகிட்ட மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் கழிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு.

'அந்த ஒத்தை மீனை நான் என்னைக்காவது குழம்புல போட்டுருப்பேனாய்யா?'

'போட்டிருக்கலாம் அப்பத்தா. செதிலை உரிச்சுட்டா எல்லாம் ஒண்ணு மாதிரிதான இருக்கு.'

'அப்ப அடுத்த வாட்டி உங்க சித்தப்பனை உரிக்காம வாங்கியாரச் சொல்லு.'