காரின் பெயரும் காற்றுப்பையின் பிறப்பிடமும்

பருத்தித்துறை வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ சிறிது நேரம் நின்று பார்ப்பவர் ரொயோட்டா, ஹொண்டா, நிசான், சுசுக்கி என்னும் பெயர்களைத் திரும்பத் திரும்பக் காண்பார். அவ்வண்டிகளுட் பல, யப்பானில் வேறொருவர் சில காலம் ஓட்டியபின் இங்கு வந்து சேர்ந்தவை. வண்டியின் முகப்பிலுள்ள பெயரைக் கண்டு, அதன் உறுப்புகள் யாவும் அப்பெயருக்குரிய தொழிற்சாலையிலேயே பிறந்தவை என எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. சுக்கானின் நடுவிலும் முன்பலகையினுள்ளும் மடிந்து கிடக்கும் காற்றுப்பை பெரும்பாலும் வெளியாரிடம் விலைக்கு வாங்கிப் பொருத்தப்பட்டதேயாகும்.

இதற்குக் காரணம் உண்டு. காற்றுப்பை பார்வைக்கு ஒரு பை. ஆயினும் அதனுள் மூன்று தொழில்கள் கூடியிருக்கின்றன. உறுதியான நைலோன் நூலால் துணி நெய்து பையாகத் தைப்பது நெசவுத் தொழில். மோதலை உணர்ந்து மின்பொறி எழுப்புவது மின்னியல். அப்பொறியால் இரசாயனக் குளிகைகள் எரிந்து, கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைந்த வேளையில் வாயுவாகிப் பையை நிரப்புவதோ, சொல்லப்போனால், வெடிமருந்துத் தொழில். கார் செய்பவர் இம்மூன்றையும் தம் கூரையின்கீழ் நடத்துவது அரிது. ஆகவே உலகெங்கும் ஒரு சில நிறுவனங்களே இத்தொழிலில் ஓங்கி நிற்கின்றன. சுவீடனில் தோன்றிய ஆட்டோலிவ் அவற்றுள் முதன்மையானது. யேர்மனியின் இசட்.எஃப்., யப்பானின் ரொயோடா கோசெய், கொரியாவின் ஹியுண்டாய் மோபிஸ் என்பன ஏனையவற்றுட் சில. ஆட்டோலிவ் தமிழ்நாட்டிலும் தொழிற்சாலைகள் வைத்திருக்கின்றது. இலங்கைக்கும் இதில் பங்கில்லாமற் போகவில்லை. பியகமவில் இயங்கும் லங்கா ஹார்னஸ் நிறுவனம் காற்றுப்பைகளுக்கான மோதல் உணர்கருவிகளைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகின்றது.

சிலரிடமே பலரும் வாங்குவதால் விலை குறைகின்றது, தேர்ச்சி மிகுகின்றது. ஆனால் அச்சிலருள் ஒருவர் தவறினால் விளைவது என்ன? தக்காட்டா நிறுவனத்தின் கதை அதற்கு விடை கூறும்.

தக்காட்டா 1933 ஆம் ஆண்டு யப்பானின் சீகா மாகாணத்தில் ஒரு நெசவு நிறுவனமாகத் தொடங்கியது. போர்க்காலத்தில் பரசூட்டுக்குரிய கயிறுகளைச் செய்தது. பின்னர் ஆசனப் பட்டிகளையும், 1980 களிலிருந்து காற்றுப்பைகளையும் செய்து, உலகின் காற்றுப்பைச் சந்தையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைத் தனதாக்கிக்கொண்டது. 2000 ஆம் ஆண்டையொட்டி, வாயு பிறப்பிக்கும் குளிகைகளுக்கு அமோனியம் நைத்திரேற்று என்னும் மலிவான பொருளை அது கையாளத் தலைப்பட்டது. உரமாகவும் சுரங்கங்களில் வெடிபொருளாகவும் பயன்படும் பொருள் இது. இதன் பெருங்குறை ஈரத்தைக் கவர்வது. பகலில் சூடேறி இரவில் தணியும் வண்டியினுள், ஆண்டுக்கணக்கில் ஈரம் சிறிது சிறிதாகப் புகுந்தால் குளிகைகள் தம் இறுக்கத்தை இழக்கின்றன. இறுக்கம் இழந்த குளிகை அளவோடு எரிவதில்லை, ஒருங்கே பற்றிக்கொள்கின்றது. அவ்வமுக்கத்தைத் தாங்காது அதனைச் சூழ்ந்த உலோகக் கலம் பிளக்க, அதன் சிதறல்கள் பையைக் கிழித்துக்கொண்டு எதிரேயிருப்பவர் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன. சிறு மோதலில் உயிர் தப்பவேண்டியவரைக் காக்கவந்த கருவியே கொன்றுவிடுகின்றது.

2008 ஆம் ஆண்டு ஹொண்டா நிறுவனம் ஏறத்தாழ நாலாயிரம் வண்டிகளை மட்டும் மீள அழைத்தது. தொழிற்சாலையில் நேர்ந்த சிறு பிழை என்றே அப்போது கருதப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் மாத்திரம் 19 கார் நிறுவனங்களின் வண்டிகளிலிருந்து 6 கோடி 70 இலட்சம் வாயுக்கலங்களை மாற்றவேண்டியதாயிற்று. ரொயோட்டாவின் குழுமத்திலேயே காற்றுப்பை செய்யும் நிறுவனம் இருந்தும், அதன் வண்டிகளும் இவற்றுள் அடங்கின என்பது கவனிக்கத் தக்கது. உலகில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2017 ஜூன் மாதம் தக்காட்டா முறிவடைந்தது. அடுத்த ஆண்டு அதன் பெரும்பகுதியைச் சீனத்தின் ஜோய்சன் குழுமம் வாங்கிக்கொண்டது.

இவ்விபத்துகள் எங்கே மிகுதியாக நேர்ந்தன என்பது யாழ்ப்பாணத்தாருக்கு முக்கியமானது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களே முதல் ஆபத்து வலயம் என அமெரிக்க அதிகாரிகள் வகுத்தனர். புளோரிடாவும் ஹவாயும் அவற்றுள் அடங்கும். 2014 இல் மலேசியாவின் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் இவ்வாறு மாண்டார். மூன்று புறமும் கடல் சூழ்ந்து, ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் குடாநாட்டின் காலநிலை இவ்விடங்களுக்கு நெருங்கியதே. மேலும், 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம்வரை தனியார் கார்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய வண்டிகளே தொடர்ந்து ஓடின. இக்குளிகைகளுக்கோ ஆண்டுகள் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. குறையுள்ள வண்டியைக் கொண்டுவரும்படி உற்பத்தியாளர் எழுதும் கடிதம், அவரது ஏட்டிலுள்ள உரிமையாளருக்கே போகும். ஒசாக்காவிலிருந்து கைமாறிச் சாவகச்சேரிக்கு வந்த காருக்கு அக்கடிதம் எவ்வாறு வந்து சேரும்? ஆதலால் இங்குள்ள உரிமையாளர் தாமே விசாரிக்கவேண்டியவராகின்றார். பதிவுச் சான்றிதழில் உள்ள அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு, அவ்வண்டி மீளழைப்பில் அடங்குமா, கலம் முன்னரே மாற்றப்பட்டதா என அறியலாம். யப்பானிய உற்பத்தியாளர்கள் தம் இணையத்தளங்களிலேயே இவ்வசதியை வைத்துள்ளனர். உள்நாட்டு முகவரிடமும் கேட்கலாம். மீளழைப்பில் மாற்றப்படும் கலத்துக்கு உற்பத்தியாளர் விலை பெறுவதில்லை. ஆனால் தெருவோரத் திருத்தகத்தில் சுக்கானைக் கழற்றிப் பார்ப்பது தகாது. உள்ளே இருப்பது வெடிமருந்து. உடைந்த வண்டியிலிருந்து எடுத்த பழைய காற்றுப்பையை மலிவாக வாங்கிப் பூட்டுவோரும், அதன் கலத்தைச் செய்தவர் யார் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும்.