நூலகரும் வகுப்பாசிரியரும்: கண்ணுக்குப் புலப்படாத கற்பித்தல்

பள்ளிக்கூடத்து நூலகரின் வேலை யாதென்று வினவினால், புத்தகத்தைக் கொடுப்பதும் திரும்ப வாங்கி அடுக்குவதுந்தான் என்று விடை கூறுவோர் இன்றும் பலர். பெற்றோர் மட்டுமல்லர், பக்கத்து அறையில் பாடம் நடத்தும் ஆசிரியரும் பல வேளைகளில் அவ்வாறே எண்ணுகிறார். ஆனால், வகுப்பாசிரியரோடு கூடிப் பாடத்தைத் திட்டமிடுவதும், கூடி நடத்துவதும், பிள்ளைகளின் வேலையைக் கூடி மதிப்பிடுவதும் நூலகரின் தலையாய கடமைகள் என்பது இத்துறை அறிஞர் பலரும் ஒப்பிய கருத்தாகும். அக்கடமை எத்தகையது, அதைச் செய்யும் நூலகர் தம் பணியைப் பிறர் அறியச் செய்வது எங்ஙனம் என்பதை இங்கு நோக்குவோம்.

இக்கருத்து அமெரிக்காவில் விரிவாக வளர்ந்தது. 1982இல் டேவிட் லோர்ட்ஷர் என்பார், பாடத்தில் சிறிதும் தொடர்பற்ற நூலகர் முதல் பாடத்திட்டத்தை வகுப்பதிலேயே பங்குகொள்ளும் நூலகர் வரை படிப்படியாக ஓர் ஏணியை அமைத்துக் காட்டினார். 1999இல் யுனெஸ்கோவும் உலக நூலகச் சங்கக் கூட்டமைப்பும் வெளியிட்ட பள்ளி நூல்நிலையச் சாசனம், நூலகரும் ஆசிரியரும் சேர்ந்து உழைக்குமிடத்தில் மாணவரின் வாசிப்பும் கற்றலும் உயர்கின்றன என்று எடுத்துரைத்தது. 2005இல் பத்ரீஷியா மொன்டியல்-ஓவரால் இக்கூட்டுறவை நான்கு வகையாகப் பிரித்தார். நேரத்தையும் நிகழ்ச்சிகளையும் ஒத்திசைத்துக்கொள்வது முதலாவது. ஆசிரியர் தலைப்பைச் சொல்ல, நூலகர் அதற்கேற்ற நூல்களை எடுத்துக்கொடுத்து, அவரவர் பங்கை அவரவரே பார்த்துக்கொள்வது இரண்டாவது. ஒரே பாடத்தை இருவரும் இணைந்து திட்டமிட்டு நடத்துவது மூன்றாவது. பள்ளி முழுவதும், தலைமையாசிரியரின் துணையோடு, அவ்வாறு நடைபெறுவது நான்காவது. இரண்டாவதோடு நின்றுவிட்டு அதனையே கூட்டுக் கற்பித்தல் என்று சொல்லிக்கொள்வோரே மிகுதி. புத்தகத்தை எடுத்துக்கொடுப்பது உதவிதான், அது கற்பித்தலாகாது.

மூன்றாவது வகையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு டெங்கிக் காய்ச்சல் பற்றிய பாடம் நடக்கவிருக்கிறது என்று கொள்வோம். ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவதையும், முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆவதையும் அறிவியல் ஆசிரியர் கற்பிப்பார். நூலகரின் பாடம் வேறு. பிள்ளைகள் முதலில் கேள்விகளை எழுதவேண்டும். நம் லயத்தில் நீர் தேங்குமிடம் எது? ரப்பர்ப் பால் மங்கும் தேங்காய்ச் சிரட்டையும் பழைய டயரும் இதில் சேருமா? விடை தேடுகையில் பொருளடக்கத்தை எப்போது பார்ப்பது, சொல்லடைவை எப்போது பார்ப்பது என்று அவர் கற்பிப்பார். இரண்டு நூல்கள் மாறுபட்டுப் பேசினால், எது எந்த ஆண்டில் வெளிவந்தது, யார் வெளியிட்டார்கள் என்று பார்க்கச் சொல்வார். கைப்பேசியில் உலவும் மருந்துக் குறிப்பு ஒன்றையும் கொண்டுவந்து, இதை எழுதியவர் யாரெனக் கேட்பார். படித்ததை வரிக்குவரி பெயர்த்தெழுதாமல் சொந்தச் சொற்களில் குறிக்கவும், எடுத்த இடத்தைச் சொல்லவும் பழக்குவார். முடிவில் அறிவியற் செய்தி சரியா என்று ஆசிரியரும், தேடிய முறை சரியா என்று நூலகரும் ஒரே தாளில் மதிப்பெண் இடுவர். இரண்டு கண்கள் ஒரே பொருளைப் பார்ப்பது போன்றது இது.

இத்துணைச் சிறந்த வேலை ஏன் பிறர் கண்ணில் படுவதில்லை? பாடம் ஆசிரியரின் பெயரில் நடைபெறுகிறது. தேர்வின் பலனும் அவர் கணக்கிலேயே சேருகிறது. நூலகர் கணக்கில் சேருவது இரவல் போன புத்தகங்களின் தொகை ஒன்றே. கண்ணில் படாத வேலையின் கதி யாதாகும் என்பதை அமெரிக்காவின் அனுபவம் காட்டுகிறது. 2009-10 கல்வியாண்டுக்கும் 2018-19 கல்வியாண்டுக்கும் இடையே அந்நாட்டுப் பொதுப் பள்ளிகளில் நூலகர் பதவிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயின. பணத் தட்டுப்பாடு ஒரு காரணமே. ஆயினும் வெட்டுவதற்குக் கத்தி எடுத்தவர்கள், இவரில்லாவிட்டால் எந்தப் பாடம் குறைபடும் என்பதைக் கண்டிருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார்கள்.

மலேசியாவில் நூலக ஊடக ஆசிரியரை நியமிப்பது குறித்துக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விடுத்தது. எனினும் 150க்கும் குறைந்த மாணவர் பயிலும் சிறு பள்ளிகளில் அப்பொறுப்பு பெரும்பாலும் முழுச் சுமை பாடவேளைகளின் மேல் வைத்த இன்னொரு சுமையாகவே இருக்கிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வகையினவே. ஆனால் சிறு பள்ளிக்கு ஒரு வசதியும் உண்டு. ஆசிரியர் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து தேநீர் அருந்துபவர்கள். கூட்டுத் திட்டத்துக்குத் தனிக் கூட்டம் கூட்டவேண்டியதில்லை.

இனி, பணியைப் பிறர் அறியச் செய்யும் முறை. தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது நம்மவர்க்குக் கூச்சம் தருவது. அவ்வாறு செய்யவும் வேண்டியதில்லை. ஆசிரியர் கூட்டத்தில் பேசவேண்டியவர் நூலகரல்லர், அவரோடு சேர்ந்து பாடம் நடத்திய ஆசிரியரே. அவர் சொல்லும் ஒரு சொல் நூலகர் சொல்லும் பத்துச் சொல்லுக்கு ஈடாகும். அதனினும் வலிய சாட்சி பிள்ளையின் எழுத்து. பாடத்துக்கு முன் எழுதிய பக்கத்தையும் பின் எழுதிய பக்கத்தையும் அருகருகே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தொங்கவிட்டால், படிப்பறிவு குறைந்த தாய்க்கும் வேறுபாடு விளங்கும். நிலாம் வாசிப்புத் திட்டத்தில் பிள்ளை படித்த நூல்களின் தொகையைக் காட்டுவதும் நன்றே. ஆனால் பின்னட்டையைப் பார்த்து எழுதிய சுருக்கமும் தொகையில் ஒன்றாகவே சேரும் என்பதை மறக்கலாகாது.

கூட்டாக நடத்திய ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள் போதுமானது. பாடம், கற்பித்த திறன், இருவரும் செய்த பங்கு, பிள்ளைகளிடம் கண்ட மாற்றம், எடுபடாமற்போன பகுதி ஆகியவற்றை அதில் எழுதி இருவரும் கையெழுத்திடவேண்டும். எடுபடாததை ஒளிக்காத தாளைத்தான் தலைமையாசிரியர் நம்புவார். ஆண்டில் நான்கைந்து தாள்கள் சேர்ந்தபின், அடுத்த ஆண்டின் கால அட்டவணை வரையப்படுமுன் அவற்றைத் தலைமையாசிரியரிடம் கொண்டுசென்று, கூட்டுத் திட்டத்துக்கென வாரத்துக்கு ஒரு பாடவேளையை இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒழித்துத் தருமாறு கேட்கலாம். அட்டவணை சுவரில் ஒட்டப்பட்ட பின்பு கேட்டால் கிடைப்பது அரிது.