ஹாலந்தில் ஜாகை

மேற்படிப்புக்கோ ஆய்வுப் பயிற்சிக்கோ ஹாலந்து செல்ல விரும்பும் நண்பர்கள் நம் மன்றத்தில் சிலர் இருக்கிறார்கள். என்னைக் காணும்போதெல்லாம் அவர்கள் முதலில் கேட்பது ஆய்வுக்கூடத்தைப் பற்றியன்று, குளிரைப் பற்றியுமன்று. "வீடு எப்படிப் பிடித்தாய்?" என்பதே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. மலராசிரியர் எழுதித் தரச் சொன்னதும், இதுவே சமயம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2025 பிப்ரவரி தொடங்கி ஜூலை முடிய நான் லெய்டன் நகரில் இருந்தேன். வரலாறு படித்த தமிழர்க்கு லெய்டன் என்றதும் நினைவுக்கு வருவன ஆனைமங்கலச் செப்பேடுகள். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்குச் சோழ மன்னன் ஓர் ஊரின் வருவாயை விட்டுக்கொடுத்ததைக் கூறும் அந்த ஏடுகள், அந்நகரத்துப் பல்கலைக் கழக நூலகத்தில் நெடுங்காலம் இருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. இயற்பியல் மாணவர்க்கோ, 1908இல் காமர்லிங் ஒன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கிய ஊர் அது. நான் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆனால் போய் இறங்கிய முதல் மூன்று வாரங்களில் செப்பேடும் நினைவில் இல்லை. ஹீலியமும் நினைவில் இல்லை. தலைக்கு மேல் ஒரு கூரை என்ற ஒன்றே நினைவாயிருந்தது.

அந்நாட்டில் கடுமையான வீட்டுப் பஞ்சம். ஏறக்குறைய நான்கு லட்சம் வீடுகள் குறை என்று 2024இல் மதிப்பிட்டார்கள். மொத்த மக்கள்தொகையே ஒன்றேமுக்கால் கோடிக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்தால் இதன் கனம் தெரியும். வீடுகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வீட்டு வசதிக் கழகங்களுக்குச் சொந்தமானவை. 1901ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. வாடகை குறைவு, ஆனால் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு வந்தவனுக்கு அது எட்டாக் கனி. எஞ்சியிருப்பது தனியார் வீடுகள்தாம்.

நான் முதலில் பிடித்த அறை ஊரின் வடபுறத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தது. வாடகை 600 யூரோ, முன்பணம் 600 யூரோ. இரண்டையும் ரொக்கமாகக் கேட்டார். கொடுத்தேன். ரசீது இல்லை. "ஒன்று மட்டும் கேட்காதே, இந்த முகவரியில் உன் பெயரைப் பதிய முடியாது" என்றார். பெயரைப் பதியாவிட்டால் என்ன, மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். நான் செய்த பெரும் பிழை அதுதான்.

அந்நாட்டில் நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர் எவரும், வந்த ஐந்து நாட்களுக்குள் நகராட்சிக்குச் சென்று தம் முகவரியைப் பதிய வேண்டும். பதிந்தால் ஒன்பது இலக்கக் குடிமக்கள் சேவை எண் ஒன்று கிடைக்கும். சம்பளம், வரி, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. நகராட்சி அலுவலகத்தில் இருந்த பெண் மிகுந்த மரியாதையோடு வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டார். என்னிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எண் இல்லாததால் என் உபகாரச் சம்பளம் வரவில்லை. திருப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பிய பணத்தில் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு பத்தொன்பது நாட்கள் ஓட்டினேன். பின்பு அறையை விட்டேன். முன்பணம் 600 யூரோ, ஏறக்குறைய 54 ஆயிரம் ரூபாய், இன்று வரை திரும்பவில்லை. வழக்காடலாம் என்றார்கள். எதைக் காட்டி வழக்காடுவது?

பதிவுக்கு ஏன் அஞ்சுகிறார்கள் என்பது பின்னரே விளங்கிற்று. சிலர் தாமே கழகத்தின் வீட்டில் குறைந்த வாடகைக்கு இருந்துகொண்டு, அனுமதியின்றி அதை உள்வாடகைக்கு விடுகிறவர்கள். சிலர் அரசிடம் உதவித்தொகை பெறுபவர்கள். அதே முகவரியில் இன்னொருவர் பெயர் ஏறினால் அது குறையலாம். சிலர் அனுமதித்த தொகைக்கு மேல் ஆட்களை அடைத்திருப்பவர்கள். காரணம் எதுவாயினும் ஆபத்து நம் தலையில்தான் விடிகிறது. ஆகையால் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, "இங்கே என் பெயரைப் பதியலாமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வேறொரு வகை ஏமாற்றும் உண்டு. அழகான வீட்டின் படங்கள் வரும், வாடகையும் மலிவாயிருக்கும். வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பதாகவும், பணம் வந்தவுடன் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் எழுதுவார். சாவி வராது. என்னோடு பணியாற்றிய ஒரிய நண்பர் ஒருவர் இப்படி ஒரு மாத வாடகையை இழந்தார். கண்ணால் காணாத வீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டா.

சட்டம் குடியிருப்பவர் பக்கம் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. முன்பணம் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேற்படக் கூடாது. பெங்களூரில் பத்து மாத முன்பணம் கொடுத்த நம்மவர்க்கு இது கனவு போலத் தோன்றும்! அடுத்த ஆண்டு, 2024 ஜூலையில், வேறொரு சட்டமும் வந்தது. அந்நாட்டில் வீட்டுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பரப்புக்கு இவ்வளவு, சமையலறைக்கு இவ்வளவு, வெப்பம் வெளியேறாமல் காக்கும் தரத்துக்கு இவ்வளவு என்று கூட்டி, அந்த மொத்தத்துக்கு ஏற்ப உச்ச வாடகையை வரையறுக்கிறார்கள். 2025இல் 143 புள்ளிகள் பெற்ற தனி வீட்டுக்கு மாதம் 900 யூரோவும் சில்லறையும்தான் உச்சம். 186 புள்ளிக்கு ஏறக்குறைய 1185. அதற்கு மேற்பட்ட வீடுகளுக்கு உச்ச வரம்பு இல்லை. தனி அறைகளுக்கு வேறு கணக்கு உண்டு. கூடுதலாக வாங்குகிறார்கள் என்று தோன்றினால் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 25 யூரோ கட்டி முறையிடலாம். ஆனால் ஒப்பந்தம் இல்லாதவன், பதிவு இல்லாதவன், அங்கே எந்த முகத்தோடு போவான்? சட்டத்தின் கதவைத் திறக்கும் சாவியும் அந்தப் பதிவுதான்.

குடும்பத்தோடு செல்லும் ஆராய்ச்சியாளர்கள் முழு வீடு பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு சொல். விளம்பரத்தில் 'கால்' என்று நெடிலாக ஒலிக்கும் ஒரு சொல் இருந்தால் அதற்கு மொட்டை என்று பொருள். மொட்டை என்றால் முழு மொட்டை. நாற்காலி, கட்டில் மட்டுமன்று. திரைச்சீலை இராது, விளக்கு இராது, பல வீடுகளில் தரை விரிப்புங்கூட இராது. முன்பு குடியிருந்தவர் தம் செலவில் போட்ட பலகைத் தளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார். நாமும் நம் செலவில் போட வேண்டும். இன்னொன்று, நீர் வாரியத்துக்கு வரி. கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த நாடு. அணையும் வடிகாலும் இல்லையேல் முழுகிப் போகும். ஆதலின் வாடகைக்கு இருப்பவரும் இவ்வரியைக் கட்ட வேண்டும். லெய்டன் பகுதியைக் காக்கும் ரைன்லந்து வாரியம் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இயங்கி வருகிறதாம். நம் குடிமராமத்து நினைவுக்கு வந்தது. அவர்கள் விடாமல் காத்தார்கள், நாம் விட்டுவிட்டோம். அது வேறு கதை.

மாணவர்கள் கூடி வாழும் வீடுகளிலும் முயன்றேன். அங்கே ஓர் அறை காலியானால், புதியவரைத் தேர்ந்தெடுப்பவர் வீட்டுக்காரர் அல்லர். ஏற்கெனவே அவ்வீட்டில் இருப்பவர்கள். ஒரு மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். பெண் பார்க்கும் படலம் என்று நாம் சொல்வோமே, அதேதான். சொஜ்ஜி பஜ்ஜிக்குப் பதில் பீர். "ஞாயிறுதோறும் எல்லோருக்கும் சமைப்பாயா?" என்றார்கள். சமைப்பேன் என்றேன். "டச்சு மொழி பேசுவாயா?" என்றார்கள். அதோடு சரி. மறுநாள் இரண்டு வரியில் மறுப்பு வந்தது.

கடைசியில் இடம் கிடைத்தது, நான் எதிர்பாராத பகுதியில். லெய்டனின் தென்கிழக்கே 'ப்ரொஃபெசோரன்வைக்' என்றொரு குடியிருப்பு உண்டு. பேராசிரியர் பேட்டை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தெருக்களின் பெயர்களைப் பாருங்கள்: லோரென்ட்ஸ் கரை, சேமன் தெரு, காமர்லிங் ஒன்னஸ் தெரு! 1902இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரையும் 1913இல் பெற்றவரையும் தெருத் தெருவாக நடந்தே பார்த்துவிடலாம். செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும். முன்னால் பெட்டி பொருத்திய மிதிவண்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை அமர்த்திக்கொண்டு தாய்மார்களும் தகப்பன்மார்களும் போவார்கள். பெரிய பெரிய ஜன்னல்கள். மாலையில் விளக்கேற்றிய பின்னும் திரை போடுவதில்லை. உள்ளே பார்க்கவும் கூடாது. அதுதான் அவ்வூர்ப் பண்பு. ஜூன் மாதத்தில் ஒரு நாள் சில வீடுகளில் தேசியக் கொடி பறந்தது. கொடிக் கம்பத்தின் நுனியில் புத்தகப் பை! பள்ளியிறுதித் தேர்வில் பிள்ளை தேறிவிட்டால் அப்படித் தொங்கவிடுவார்களாம்.

இத்தகைய அமைதியான குடும்பப் பகுதியில் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு வீடு எடுப்பது கடினம். நம்மூரில் "குடும்பத்தினருக்கு மட்டும்" என்று பலகை தொங்கும். சாதி என்ன, கறி சமைப்பாயா என்றெல்லாம் கேட்பார்கள். அங்கே பலகை இல்லை, சட்டம் இருக்கிறது. ஒரு குடும்பம் வாழக்கூடிய வீட்டை அறை அறையாகப் பிரித்து விடுவதற்குப் பல பல்கலைக் கழக நகரங்களில் நகராட்சியின் அனுமதி வேண்டும். ஒரு வீடு நான்கு அறைகளாக மாறினால், குடும்பங்களுக்குரிய வீடுகளில் ஒன்று குறைகிறது. தெருவில் எட்டு மிதிவண்டிகள் நிற்கின்றன. நள்ளிரவில் பாட்டுக் கேட்கிறது. இப்படி நகராட்சி கணக்குப் பார்க்கிறது. மாணவர் பக்கம் நின்று பார்த்தால் இது கொடுமை. குழந்தையைத் தூங்க வைக்கும் தாயின் பக்கம் நின்று பார்த்தால் நியாயம். நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்தேன்; தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

இதில் ஒரு வழி திறந்திருக்கிறது. வீட்டுக்காரர் தாமே அங்குக் குடியிருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடலாம். அதற்கு இத்தடை பொதுவாக இல்லை. அப்படி விடும் அம்மையாரை 'ஹொஸ்பிட்டா' என்பார்கள். ஒரே கூரையின் கீழ் வாழ்வதால் முதல் ஒன்பது மாதம் வரை, ஒத்துவரவில்லையானால் காரணம் சொல்லாமலே, மூன்று மாத முன்னறிவிப்புடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஐந்து மாதக்காரனுக்கு அதனால் நட்டமில்லை. ஆய்வுக்கூடத்து நண்பர் ஒருவர், தம் தெருவில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியே இருக்கிறார் என்று சொல்லி அழைத்துப் போனார். அம்மையார் தேநீரும் ஒரே ஒரு பிஸ்கோத்தும் கொடுத்தார். பத்து நிமிடத்தில் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். "நாளைக் காலையே நகராட்சிக்குப் போய்ப் பதிந்துவிடு" என்று அவரே சொன்னபோது என் கண் கலங்கிவிட்டது. அவருக்கு ஏனென்று விளங்கவில்லை.

மாடிப்படி ஏறக்குறைய ஏணிதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது சபரிமலை நினைவு வந்தது.

அமைதியான தெருவில் குடியிருப்பதற்கும் ஒரு கல்வி வேண்டும். வந்த வாரத்திலேயே இரு பக்கத்து வீட்டு மணியையும் அடித்து, இன்னார் என்று சொல்லிக் கைகுலுக்க வேண்டும் என்றார் அம்மையார். செய்தேன். அது எவ்வளவு நல்லதாயிற்று என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன பிரஷர் குக்கரில் பருப்பு வைத்தேன். நான்காவது விசிலில் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் கையில் குழந்தையோடு நிற்கிறார். "உங்கள் வீட்டில் ஏதோ அபாயச் சங்கு ஊதுகிறதே, ஆபத்து ஒன்றுமில்லையே?" என்றார். ஒற்றைச் செங்கல் சுவர் அது. அறிமுகமில்லாதவனாக இருந்திருந்தால் தீயணைப்புப் படைக்குச் சொல்லியிருப்பார். குக்கரைக் காட்டினேன்; சிரித்தார். ஆனால் மாலை ஏழு மணிக்கு மேல் ஊத வேண்டா, குழந்தை தூங்கும் நேரம் என்று நேராகவே சொல்லிவிட்டார்.

நேராகச் சொல்வது அவர்கள் வழக்கம். அதில் பகை இல்லை. அம்மையாரும் அப்படித்தான். "உன் சமையல் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பெருங்காயம் பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வை" என்றார். முதலில் முகம் சுண்டிற்று. மறுவாரம், "அந்தக் காரக் குழம்பு இன்றைக்கு இல்லையா?" என்று அவரே கேட்டார்.

புறப்படுமுன் நகராட்சிக்குச் சென்று பெயரை நீக்கிக்கொள்ள வேண்டும். மறந்தால் வரிச்சீட்டுகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். முன்பணத்தைக் குடிபெயர்ந்த பதினான்கு நாட்களுக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம்; சேதத்துக்குப் பிடித்தம் உண்டென்றால் முப்பது நாள். அம்மையார் நான் சாவியைக் கொடுத்த அன்றே முழுவதையும் என் கணக்குக்கு அனுப்பிவிட்டார். குக்கரையும் அவரிடமே விட்டு வந்தேன். சென்ற மாதம் மின்னஞ்சல் எழுதியிருந்தார். மாடி அறை மறுபடியும் காலியாம். உங்கள் பல்கலைக் கழகத்திலிருந்து யாரேனும் வருகிறார்களா என்று கேட்டிருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் விடுதியில் என்னை வந்து பார்க்கலாம்.