குளிருக்குக் கட்டிய வீட்டில் கோடை

பிரிட்டனின் வீடுகள் பெரும்பாலும் குளிரை மனத்தில் கொண்டே கட்டப்பட்டவை. இரட்டைச் சுவர்களின் இடைவெளியை நிரப்புவதும், கூரைக்குக் கீழுள்ள பரணில் 270 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கனிமக் கம்பளி விரிப்பதும், ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி பொருத்துவதும் அங்குக் குளிர்காலச் செலவைக் குறைக்கும் வழிகளாக நிலைபெற்றுவிட்டன. ஆனால் 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரிலுள்ள கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவாகி, அந்நாட்டின் வெப்பநிலை முதன்முறையாக 40 டிகிரியைக் கடந்தபின், இத்தகைய வீடு கோடையில் தன்னுள் வாழ்பவரைக் காக்குமா, வாட்டுமா என்னும் கேள்வி அழுத்தம் பெற்றது.

வெப்பக்காப்பின் இயல்பு

வெப்பக்காப்பு என்பது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு வெப்பம் கடந்து செல்லும் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு. அது வெப்பத்தை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. பிளாஸ்க் சூடான பாலைச் சூடாகவும் குளிர்ந்த மோரைக் குளிர்ச்சியாகவும் வைத்திருப்பதுபோல், உள்ளே எது இருக்கிறதோ அதை அப்படியே காத்து வைக்கிறது. ஆகவே கோடையில் வெப்பக்காப்பைப் பழிப்பது பிழையான முடிவு. பிரான்ஸில் 2003 ஆகஸ்டில் சுமார் 15,000 உயிர்களைப் பறித்த வெப்ப அலைக்குப் பின்னர், வீடுகளில் வாழ்ந்த முதியோரின் இறப்புகளை ஆராய்ந்தவர்கள், வெப்பக்காப்பற்ற பழைய கட்டடத்தில் வாழ்வதும் கூரைக்கு நேர் கீழேயுள்ள தளத்தில் உறங்குவதும் ஆபத்தைக் கூட்டியதைக் கண்டறிந்தனர். நன்கு காப்பிடப்பட்ட வீட்டின் இடர்ப்பாடு வேறு: அதற்குள் ஒருமுறை புகுந்துவிட்ட வெப்பம் எளிதில் வெளியேறாது.

கண்ணாடி வழியே நுழையும் வெயில்

அவ்வாறு புகும் வெப்பத்தின் முதன்மையான வாயில் ஜன்னல். சூரியனிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் கண்ணாடியைப் பெருமளவு ஊடுருவித் தரையிலும் மெத்தையிலும் பட்டு வெப்பமாகின்றன. அப்பொருள்கள் திரும்ப உமிழும் நீண்ட அலைக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. தெளிவான கோடை மாலையில் மேற்கு நோக்கிய ஜன்னலின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 600 வாட் அளவுக்கு வெயில் விழக்கூடும் என்பதாலும், சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் பாதிக்கு மேல் உள்ளே விடும் என்பதாலும், மறைப்பில்லாத இரண்டு சதுர மீட்டர் ஜன்னல் ஒன்று ஜூன் மாதத்தில் ஒரு சிறிய மின்கணப்பை எரியவிடுவதற்குச் சமமாகிறது.

பலரும் தெற்கு ஜன்னலையே அஞ்சுகின்றனர். உண்மையில் லண்டனில் ஜூன் மாத நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 62 டிகிரி உயரத்தில் நிற்பதால், ஜன்னலின் மேல் சற்றே நீண்ட ஒரு தாழ்வாரம் இருந்தாலே தெற்கு வெயில் தடைபடும். பகல் பதினாறரை மணிநேரம் நீளும் அந்நாள்களில், தாழ்வாகச் சாய்ந்து நெடுநேரம் உள்ளே பாயும் கிழக்கு, மேற்கு வெயிலே அதிகம் வாட்டும். பரண் அறையின் கூரை ஜன்னலோ இவை எல்லாவற்றிலும் கொடியது.

மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதே இதில் தலையாய விதி. உட்புறத் திரை தடுக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கண்ணாடியைக் கடந்து அறைக்குள் வந்துவிட்டதாகும். வெயிலில் தொங்கும் அடர்நிறத் திரையைத் தொட்டுப் பார்த்தாலே அது விளங்கும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வெளிப்புறக் கதவுப்பலகைகள் வழக்கமாக இருக்க, பிரிட்டனின் ஜன்னல்கள் பெரும்பாலும் வெளிப்பக்கமாகத் திறப்பவை என்பதால் அப்பலகைகளைப் பொருத்துவது அங்குக் கடினமாகிறது. ஆனால் தமிழர் நன்கறிந்த மூங்கில் தட்டியையோ வெண்ணிறத் துணியையோ சட்டத்துக்கு வெளியே தொங்கவிடுவது குறைந்த செலவில் அதே பயனைத் தரும். அதற்கும் வழியில்லையெனில், வெளிர்நிறத் திரையைக் கண்ணாடிக்கு மிக அருகில், வெயில் விழுவதற்கு முன்பே இழுத்து மூடிவிட வேண்டும்.

ஜன்னலைத் திறக்கும் நேரம்

புழுக்கம் ஏற்பட்டதும் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிடுவது, யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வளர்ந்தவர்களுக்குக் கையோடு வந்த பழக்கம். இரவுக்கும் பகலுக்கும் வெப்பநிலை வேறுபாடு குறைவாகவும் காற்றில் ஈரம் மிகுதியாகவும் உள்ள கடலோர நிலத்தில் அது சரியான பழக்கமே. லண்டனிலோ வெப்ப அலையின்போதுகூட இரவு வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. பகலில் 33 டிகிரிக் காற்றை உள்ளே அழைப்பது, இரவில் ஈட்டிய குளிர்ச்சியைக் கைவிடுவதாகும். வீட்டுக்குள் ஒன்றும், வெளியே நிழலில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளை வைத்து, வெளிக்காற்று உள்காற்றைவிடச் சூடாகும்போது மூடுவதும், குளிரத் தொடங்கும்போது திறப்பதுமே அங்குப் பின்பற்றத்தக்க முறை.

இரவில் திறப்பதற்கும் ஒழுங்கு உண்டு. சூடான காற்று மேலெழும் இயல்புடையதாதலால், கீழ்த்தளத்தில் ஒரு பக்கமும் மேல்தளத்தில் மறுபக்கமும் திறந்து, இடையிலுள்ள கதவுகளையும் திறந்து வைத்தால், படிக்கட்டு ஒரு புகைப்போக்கியைப் போலச் செயல்பட்டு வெப்பத்தை மேலே இழுத்து வெளியேற்றும். மேலும் கீழுமாக நகரும் பழைய விக்டோரிய ஜன்னல்களில் மேற்பலகையையும் கீழ்ப்பலகையையும் சிறிது சிறிது திறந்தால், ஒரே ஜன்னலில் இதே பயன் கிட்டும். செங்கல் சுவரும் கற்காரைத் தரையும் வெப்பத்தை மெல்ல ஏற்று மெல்ல விடுபவை. இவ்வியல்பே வெப்பத் தேக்கத் திறன் எனப்படுகிறது. அவை இரவு முழுதும் குளிர்ந்தால்தான் மறுநாள் பகலின் வெப்பத்தை உறிஞ்ச முடியும் என்பதால், அரைமணி நேரம் திறந்துவிட்டு மூடுவது போதாது. மரச்சட்டத்தாலான புதிய வீடுகளுக்கு இத்திறன் குறைவாகையால் அவற்றில் வெயில் மறைப்பு இன்னும் இன்றியமையாததாகிறது.

வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றும் வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவி உள்ள வீடுகளில், வெப்பத்தை மாற்றாமல் காற்றை உள்ளே விடும் அக்கருவியின் கோடை மாற்றுவழி இரவில் இயங்குகிறதா என்று சரிபார்க்க வேண்டும். எனினும் அதன் காற்று அளவு குறைவு. திறந்த ஜன்னலுக்கு அது ஈடாகாது.

வீட்டுக்குள் பிறக்கும் வெப்பம்

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதரே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். காப்பிடப்பட்ட வீட்டில் சமையல் அடுப்பும் துணி உலர்த்தியும் சேர்க்கும் வெப்பம் மணிக்கணக்கில் தங்கிவிடும். இட்லிப் பானையின் ஆவியும் குழம்பின் கொதிப்பும் வெப்பத்தோடு ஈரத்தையும் சேர்க்கின்றன; ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. சமையலை அதிகாலையில் முடிப்பதும், ஆவியை வெளியே தள்ளும் விசிறியை ஓடவிடுவதும், துணிகளை வெளியே உலர்த்துவதும் நல்லது.

உடலுக்கு நேர்வது

வெப்பத்தில் உடல் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்பி வியர்வையால் தன்னைக் குளிர்விக்கிறது; அதற்காக இதயம் கூடுதலாக உழைக்கிறது. இரவிலும் அறை குளிராவிட்டால் அவ்வுழைப்புக்கு ஓய்வே இல்லை. இங்கிலாந்தில் புதிய வீடுகள் அளவுமீறிச் சூடாவதைத் தடுக்கும் கட்டட விதி 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய கணக்கீட்டு முறை, படுக்கையறை இரவில் 26 டிகிரியைத் தாண்டும் நேரத்தை ஆண்டுக்குச் சுமார் 32 மணிநேரத்துக்குள் அடக்கச் சொல்வதும் உறக்கத்தைக் கருதியே.

முதியோர், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள், சிறுநீர்ப் பெருக்கி மாத்திரையும் சில மனநல மருந்துகளும் உட்கொள்வோர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. மருந்தின் அளவை மருத்துவரைக் கேளாமல் மாற்றலாகாது. 35 டிகிரிக்கு மேற்பட்ட அறையில் மின்விசிறி சூடான காற்றையே உடலின்மேல் வீசுவதால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஈரத்துணியால் உடலைத் துடைப்பதும் தண்ணீர் பருகுவதும் வேண்டும். 2021 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெப்பத்தால் இறந்த 619 பேரில் 98 விழுக்காட்டினர் கட்டடங்களுக்குள்ளேயே இறந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் தனித்து வாழ்ந்தவர்கள். ஆதலால் வெப்ப அலை நாள்களில் தனித்து வாழும் முதியவரை நாள்தோறும் நேரில் சென்று பார்த்து, அவர் படுக்கும் அறையின் வெப்பத்தையும் அறிந்து வருவது உற்றாரின் கடமை. குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து உடலை நனைத்தும் 30 நிமிடங்களில் ஒருவர் தேறாவிட்டாலும், பேச்சில் குழப்பமோ வலிப்போ மயக்கமோ தென்பட்டாலும், பிரிட்டனில் 999 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.