வயதான கறவைப் பசுவை வாங்கலாமா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள் நம் பெரியவர்கள். தானமாக வந்ததைப் பார்க்க வேண்டாம்; காசு கொடுத்து வாங்கும் மாட்டைக் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். அதிலும் நாலைந்து கன்று போட்ட பசுவை வாங்குகிறவர்கள் பல், கொம்பு, மடி ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

தோட்டத்துக் குடும்பங்களில் பசு வாங்கும் பணம் எளிதில் சேர்வதில்லை. சீட்டுப் பணம், போனஸ் பணம், சில வீடுகளில் அடகுக் கடைக்குப் போன நகை, இவையெல்லாம் அதில் அடங்கியிருக்கும். இளம் கிடேரியின் விலை கூடுதல். ஆகவே வயதான பசுவின் மீது மனம் போகிறது. அதில் தவறில்லை. பசு நிறையப் பால் கொடுப்பது முதல் ஈத்தில் அன்று. மூன்றாம் ஈத்திலிருந்து ஐந்தாம் ஆறாம் ஈத்து வரையில்தான். அதற்குப் பிறகு பால் படிப்படியாகக் குறையும். எனவே, "இதற்கு வயது என்ன?" என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. "இன்னும் எத்தனை ஈத்து மிச்சம் இருக்கிறது?" என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். விலைகள் கணக்குக்காகச் சொல்லப்படுபவை. ஓர் இளம் கிடேரி 5,000 வெள்ளி. ஐந்து கன்று போட்ட பசு 3,000 வெள்ளி. கடைசியில் எதை விற்றாலும் 1,500 வெள்ளி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கிடேரி ஏழு ஈத்து கண்டால், ஓர் ஈத்துக்கு நமக்கு ஆகும் முதல் 500 வெள்ளி. வயதான பசு இன்னும் மூன்று ஈத்து கண்டால், அதற்கும் அதே 500 வெள்ளிதான். ஆனால் அது இரண்டு ஈத்தோடு நின்றுவிட்டால் 750 வெள்ளி ஆகிவிடும். விலை குறைவு என்று வாங்கிய மாடே அதிக விலை மாடாகிவிடுகிறது. ஒரே ஓர் ஈத்தில் லாபம் நட்டமாக மாறுவதைப் பாருங்கள்.

பால் கொடுத்த பசுவை விற்க மனம் வராத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்கள் அந்த 1,500 வெள்ளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பால் நின்ற பிறகும் பசு பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதற்குத் தீனி போடும் செலவையும் இன்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, மிச்சமுள்ள ஈத்துகளை எப்படி அறிவது? முதலில் பல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. கீழ்த்தாடையில் எட்டு உண்டு. ஏறக்குறைய இரண்டு வயதில் நடுவிலுள்ள இரண்டு பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். பிறகு ஜோடி ஜோடியாக முளைத்து, 4 அல்லது 5 வயதில் எட்டும் சேர்ந்துவிடும். அதன் பின் தேய்மானம் தொடங்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட மாட்டின் பற்கள் குட்டையாகி, இடைவெளி விட்டு, முளைக்குச்சி போலத் தெரியும். அப்படிப்பட்ட மாட்டால் புல்லை நன்றாகக் கடிக்க முடியாது. தீனி குறைந்தால் பாலும் குறையும்.

அடுத்து கொம்பு. ஒவ்வொரு ஈத்துக்கும் கொம்பின் அடிப்பகுதியில் ஒரு வளையம் விழுவது வழக்கம். வளையத்தை அரத்தால் தேய்த்து மறைக்கிறவர்களும் உண்டு. கொம்பு வழவழவென்று பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பல், கொம்பு, விற்பவர் சொல் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முதல் கன்றை மூன்று வயதை ஒட்டிப் போட்டு, பிறகு பதினான்கு பதினைந்து மாதத்துக்கு ஒரு கன்று போட்டால், ஐந்தாம் ஈத்தில் வயது ஏறக்குறைய எட்டு ஆகியிருக்கும். பற்கள் குச்சியாகத் தேய்ந்திருக்க, "மூன்றாம் ஈத்துதான்" என்று ஒருவர் சொன்னால், ஒன்று வயதை மறைக்கிறார். இல்லையென்றால் அந்தப் பசு சரியாகச் சினை பிடிக்காத பசு. இரண்டும் நமக்கு ஆகாது.

மூன்றாவது மடி. பெரிய மடியைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு வேளை கறக்காமல் விட்டால் எந்த மடியும் பெருத்துத் தெரியும். முதல் நாள் மாலையில் உங்கள் எதிரிலேயே முழுவதும் கறக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் மீண்டும் போய்க் கறந்து பாருங்கள். அந்தக் காலைப் பால்தான் உண்மையான கணக்கு. நான்கு காம்புகளிலும் பால் வருகிறதா என்று தனித்தனியே பாருங்கள். முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டால், திரிதிரியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். அது மடிநோயின் அடையாளம். கறந்த பிறகும் மடி கல்லாக இருந்தால் அந்த மாட்டை விட்டுவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் கன்று அதன் சொந்தக் கன்றுதானா என்பதையும் கவனியுங்கள். கன்றைத் தாய் நக்கிப் பால் கொடுக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பால் வற்றிய பசுவைச் "சினை" என்று சொல்லி விற்பார்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும். வயதான பசு, பாலும் இல்லை, சினையும் இல்லை என்றால், விலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். முன்பு கன்று வீசியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கன்று வீச்சு நோய் கொண்ட பசுவின் காய்ச்சாத பாலால் மனிதருக்கும் நோய் வரும். கால்நடை மருத்துவ சேவைத் துறையில் இதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு. வேறு மாநிலத்திலிருந்து மாட்டைக் கொண்டுவர அத்துறையின் அனுமதிச் சீட்டும் வேண்டும். தோட்டத்தில் மாடு வளர்க்க நிர்வாகத்தின் சம்மதத்தை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

வாங்கிய பின் மிச்சமுள்ள ஈத்துகளைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. தேய்ந்த பல்லுக்கு முற்றிய லாலாங் உதவாது. இளம் புல்லை நறுக்கிப் போடுங்கள். செம்பனைப் புண்ணாக்கு அல்லது தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்த்துக்கொள்ளலாம். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறப்பதை நிறுத்திவிட வேண்டும். வயதான பசு கன்று போட்ட ஓரிரு நாளில் தள்ளாடி விழுந்து, காது குளிர்ந்து கிடந்தால், அது பால் காய்ச்சலாக இருக்கலாம். பெயர்தான் காய்ச்சல், உண்மையில் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. உடனே மருத்துவரை அழைத்து ஊசி போட்டால் பெரும்பாலும் பிழைத்து எழுந்துவிடும். விடியட்டும் என்று காத்திருந்தால் பசுவை இழக்க நேரிடும்.

தாய்மார்களே, மாட்டுக்குச் சுழி பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதற்கு முன் பல்லையும் கொம்பையும் மடியையும் பாருங்கள். மிச்சமுள்ள ஈத்துகளை விரல் விட்டு எண்ணுங்கள். மூன்றுக்குக் குறையாமல் இருந்தால் விலை பேசுங்கள். அதற்குக் குறைந்தால், பணத்தை முடிச்சிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள். வேறொரு நல்ல மாடு வராமல் போகாது.