நீலாவணன்: நட்பிற் சிறந்த கவிஞர்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனை நோக்கி வரும் கடலோரப் பெருந்தெருவில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. பெரியநீலாவணை தமிழூர். அடுத்துள்ள மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். அப்பால் பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி. கோயில் மணியோசையும் பள்ளிவாசற் பாங்கொலியும் ஒரே காற்றிற் கலந்து வருவது இங்கு அன்றாட வழக்கு. இவ்வூர்களின் இளைஞரைச் சாதி சமயம் பாராது தம்மைச் சூழ இருத்தி மகிழ்ந்த ஒரு மனிதரை இன்று நினைவுகூர விழைகின்றோம். அவர் கவிஞர் நீலாவணன்.

இயற்பெயர் சின்னத்துரை. 1931 மே 31 இல் பெரியநீலாவணையிற் பிறந்தார். ஊரின் பெயரையே தம் புனைபெயராக்கிக்கொண்டார். தொழில் ஆசிரியம். ஈழத்து நவீன கவிதையைப் பேசுவோர் மஹாகவி, முருகையன், நீலாவணன் என மூவரை ஒருங்கே வைத்துப் பேசுவர். ஆயினும் 1975 ஜனவரி 11 இல், நாற்பத்து நான்காம் வயதில் அவர் கண்மூடியபோது அவருடைய கவிதைகள் ஒரு நூலாகத்தானும் வெளிவந்திருக்கவில்லை!

பிறரை வளர்ப்பதிற் செலவிட்ட பொழுதைத் தம் ஏடுகளை அடுக்குவதில் அவர் செலவிடவில்லை என்பதே எமது எண்ணம். கல்முனையில் எழுத்தாளர் சங்கத்தை அமைத்து நடத்தினார். கவிதை நாடகங்களை எழுதினார். 'பாடும் மீன்' என்றோர் இதழையும் வெளியிட்டார். அது நீடித்து நிற்கவில்லை. (கையைச் சுடாத இலக்கிய இதழ் எந்நாட்டில் உண்டு?) கல்முனைக்குடி எம். ஏ. நுஃமான், மருதமுனையைச் சேர்ந்த மருதூர்க் கொத்தன், மருதூர்க்கனி ஆகியோரெல்லாம் அவரது நட்பு வட்டத்தினர். நுஃமான் 1944 இற் பிறந்தவர். நீலாவணனுக்குப் பதின்மூன்று ஆண்டு இளையவர். வயதில் மூத்த இந்துக் கவிஞர் ஒருவரும் முஸ்லிம் வாலிபர் ஒருவரும் யாப்பையும் ஓசையையும் பற்றி அளவளாவிக் களித்த காலம் அது.

பழகியோர் அவரை அன்பு மிக்கவராகவும், அதேவேளை விரைவில் உணர்ச்சிவயப்படுபவராகவும் நினைவுகூருவர். கருத்து வேறுபாடுகளும் இல்லாமற் போகவில்லை. நுஃமான் பின்னர் மார்க்சிய நோக்கின்பாற் சென்றார். நீலாவணனோ ஆன்மிக நாட்டம் உடையவர். இத்தகைய பிணக்குக்குப் பின்னர் ஒருவர் முகத்தை மற்றவர் பாராத புலவர்களை நாம் கண்டிருக்கின்றோம். இங்கு நிகழ்ந்தது வேறு. 1984 இல் நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' நூலில் நீலாவணனுக்கு உரிய இடம் வழங்கப்பட்டது. அந்தப் பதினொருவருள் நீலாவணன், பாண்டிருப்பு சண்முகம் சிவலிங்கம், நுஃமான் ஆகிய மூவரும் சில மைல் நீளமுள்ள ஒரே தெருவோரத்துப் பிள்ளைகள் என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மறைந்த மறு ஆண்டு, 1976 இல், 'வழி' என்னும் கவிதைத் தொகுதி வெளிவந்தது. 1982 இல் மூதூர் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் 'வேளாண்மை'க் காவியத்தை அச்சேற்றினார். 2001 இல் 'ஒத்திகை' வந்தது. வானொலித் துறையில் பலரும் அறிந்த மைந்தர் எழில்வேந்தன் தந்தையின் எழுத்துகளைப் பேணுவதில் முன்னின்றார். தந்தை சேர்த்துவைக்காததை நண்பர்களும் குடும்பத்தாரும் சேர்த்தெடுத்தனர்.

இதற்கிடையே 1985 இலும் 1990 இலும் இக்கரையில் தமிழர் முஸ்லிம்களிடையே குருதி சிந்திற்று. கூடிப் பேசியவர்கள் அடுத்த ஊருக்குச் செல்லவும் அஞ்சினர். அந்நாட்களில் நீலாவணன் உயிரோடு இல்லை. அவரைப் போன்ற ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருந்திருப்பின் என்று எண்ணாதிருக்க எம்மால் இயலவில்லை.

அவருடைய 'ஓ வண்டிக்காரா' பாடலை அறிந்தோர் பலர். 'வேளாண்மை'யைப் படித்தோர் சிலரே. மட்டக்களப்புப் பகுதி உழவர் வாழ்வை அவ்வூர்ப் பேச்சுமொழி மணக்கச் சொல்லும் காவியம் அது. குடலை, கதிர் என்பன அதன் பகுதிகள். நெற்பயிர் கதிரைத் தன்னுள் பொதிந்து நிற்கும் பருவமே குடலை. சில சொற்கள் மாணவர்க்கு விளங்காமற் போகலாம். வீட்டிலுள்ள அம்மம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ கேட்டறியலாம். கதிருக்கு அப்பாலும் காவியத்தை வளர்க்க அவர் எண்ணியிருந்தார்; அப்பகுதிகள் எழுதப்படவில்லை.