கற்பிட்டிக் கிணற்று நீரும் டொயோட்டா டீசல் ஹெட்டும்

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் காலையில் எதிர்ப்படும் வான்களில் பல முப்பது வயதை நெருங்கியவை அல்லது தாண்டியவை. டொயோட்டா டவுன்ஏஸ், லைட்ஏஸ், 1996க்குப் பின் வந்த நோவா. ஐஸ் பெட்டியோடு மீன் போகும், சின்ன வெங்காயம் போகும், பாடசாலைப் பிள்ளைகள் போவார்கள், தலவில் திருவிழாக் காலத்தில் யாத்திரிகர்கள் போவார்கள். இவற்றின் முன் இருக்கைக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது டொயோட்டாவின் 'சீ' குடும்பத்து டீசல் எஞ்சின். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பின்னும் வரியைக் கேட்டால் புதிய வான் சாதாரண வியாபாரிக்கு எட்டாத தூரம். ஆகவே இருக்கிற எஞ்சினை எத்தனை வருடம் ஓட்டலாம் என்பது இந்தக் கரையில் ஒரு குடும்பத்தின் வருமானக் கேள்வி.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். 2சீ என்பது 1974 சீசீ, நான்கு சிலிண்டர், 86 மில்லிமீற்றர் துளை, 85 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக். டர்போ இல்லாத 2சீ கொரோலா டீசல் கார்களிலும் வந்தது. அதற்கு டர்போ பூட்டினால் 2சீ-டீ. துளையை அப்படியே வைத்து ஸ்ட்ரோக்கை 94 மில்லிமீற்றராக்கி 2184 சீசீ ஆக்கியது 3சீ. அதன் டர்போ வகை 3சீ-டீ. பம்பை மின்னணுவால் கட்டுப்படுத்தும் கடைசி வகை 3சீ-டீஈ, டவுன்ஏஸ் நோவாவில் 94 குதிரைவலுவும் 206 நியூட்டன் மீற்றர் இழுவையும் தரும். இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுவதால்தான் சுமை ஏற்றுபவர்களுக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்.

எல்லாமே பழைய முறை. டீசல் நேரே பிஸ்டன் தலையில் பீய்ச்சப்படுவதில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் சிறு சுழல் அறையில் எரியத் தொடங்கி அங்கிருந்து சிலிண்டருக்குப் பாயும். அழுத்த விகிதம் இருபத்திரண்டு, இருபத்துமூன்றுக்கு ஒன்று. எரிவு மெதுவாக நடப்பதால் சத்தம் குறைவு, மட்டமான டீசலையும் ஓரளவு பொறுக்கும். ஆனால் அந்த அறையின் சூடு முழுவதையும் ஹெட்டே தாங்க வேண்டும். ஹெட் அலுமினியம், கீழே உள்ள புளொக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். டர்போ வந்ததும் எரியும் டீசல் கூடியது, சூடு கூடியது. ஹெட்டின் அடிப்படை அமைப்பு மட்டும் பெரிதாக மாறவில்லை. உலகில் இந்த எஞ்சின் போன இடமெல்லாம் 'ஹெட் வெடிக்கும்' என்ற பெயரும் கூடப் போனதற்கு இதுதான் காரணம்.

வெடித்த ஹெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, சிறிது பொறுத்துத் துடைத்துவிட்டு, சோக்குத் தூளை மெல்லத் தூவ வேண்டும். வெடிப்புக்குள் ஊறிய எண்ணெய் தூளை நனைத்து, மயிரிழை அளவில் ஒரு கறுப்புக் கோடு எழும்பும். பெரும்பாலும் அது உட்செலுத்தும் வால்வுக்கும் வெளியேற்றும் வால்வுக்கும் இடையே, அல்லது வால்வு இருக்கையிலிருந்து சுழல் அறை வாய் வரை. பணிமனையில் காற்றழுத்தம் ஏற்றித் தண்ணீரில் அமிழ்த்தினால் அதே கோட்டிலிருந்து குமிழி வரும். அந்த இழை வழியாகத்தான் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து ரேடியேட்டர் தண்ணீரை வெளியே தள்ளுகிறது.

நல்ல குளிர்விப்பு இருந்தால் இதே ஹெட் லட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடும். ஜப்பானில் ஓடியிருக்கிறது. புத்தளம் கரையில் ஓடாமல் போவதற்குக் காரணம் டர்போ என்று பலர் சொல்வார்கள். என் முடிவு வேறு: பெரும்பாலான இடங்களில் முதல் குற்றவாளி ரேடியேட்டருக்குள் ஊற்றும் தண்ணீர்.

புத்தளத்தின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வண்ணாத்திவில்லுப் பக்கம் அதை வெட்டித்தான் புத்தளம் சீமெந்து தொழிற்சாலை ஓடுகிறது. அந்தக் கல்லைத் தொட்டு வரும் நீர் கடின நீர். வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை அறியாத பெண்கள் இங்கே இல்லை. கற்பிட்டிக் குடாநாட்டிலோ மணலுக்குள் மழைநீர் ஒரு மெல்லிய படையாகத் தங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. தோட்டத்துக்கு மோட்டார் வைத்து இறைக்க இறைக்க, வெயில் காலத்தில் உப்பு மேலே ஏறும். கடின நீரைக் கொதிக்கும் சூட்டில் சுற்றவிட்டால் சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், ஹெட்டுக்குள் வால்வைச் சுற்றியுள்ள குறுகிய பாதைகளிலும் படியும். உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தைக் குழிகுழியாக அரிக்கும். ஒன்று வழியை அடைக்கிறது, மற்றது சுவரைத் தின்கிறது. வெளியே கடற்காற்றும், மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு ஐஸ் தண்ணீரும் சேர்ந்து ரேடியேட்டர் தகடுகளை விரலால் தொட்டாலே உதிரும் நிலைக்குக் கொண்டுவரும்.

கராஜில் கேட்கும் உரையாடல் ஏறத்தாழ ஒன்றேதான். "நானா, என்ன தண்ணி ஊத்துறீங்க?" "கெணத்துத் தண்ணிதான் தம்பி, நாங்க குடிக்கிறதும் அதானே." "கூலன்ட்?" "நம்மட ஊருல பனியா பெய்யுது?"

அந்தக் கடைசிப் பதிலில்தான் எத்தனையோ ஹெட்டுகள் போயிருக்கின்றன. கூலன்ட் உறைபனிக்கு மட்டும் உரியது அல்ல. அதிலுள்ள துரு எதிர்ப்பு மருந்துதான் அலுமினியத்தைக் காப்பது. கொதிநிலையையும் அது சற்று உயர்த்தும். தூய நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற வேண்டும். பெட்டரிக்கு ஊற்றும் வடிநீர் நல்லது. ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்து விற்கும் குடிநீரும், வாடைக்கால மழையில் முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்த சுத்தமான நீரும் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல். ஒரு வான் வருடத்துக்குக் குடிக்கும் கூலன்டின் விலையை ஹெட் கழற்றிப் பூட்டும் செலவோடு வைத்துப் பார்க்கவே முடியாது.

ரேடியேட்டர் மூடியையும் யாரும் மதிப்பதில்லை. சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் அந்த மூடிதான் தண்ணீரின் கொதிநிலையை 118 பாகை வரை உயர்த்துகிறது. ரப்பர் காய்ந்த மூடி அழுத்தத்தை விட்டால் நூறிலேயே கொதிக்கும். கொதித்து நீராவி ஆன இடத்தில் உலோகத்துக்குக் குளிர்ச்சி இல்லை. இதில் ஓட்டுநரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு: தண்ணீர் பாதியாகிவிட்டால் வெப்பமானியின் உணரி தண்ணீரில் நனையாமல் நிற்கும், முள் ஏறாது, சில நேரம் இறங்கவும் செய்யும். முள் நடுவில் நின்றபடியே ஹெட் போன வான்கள் பல. முள்ளை நம்பாமல் தினமும் எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

சூடு ஏறினால் இங்கே முதலில் செய்யும் வைத்தியம் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. இது தவறு. டொயோட்டா பயன்படுத்தும் பல தேர்மோஸ்டாட்டுகளின் கீழ்த்தட்டு, எஞ்சின் சூடானதும் குறுக்குவழியை மூடி முழு நீரையும் ரேடியேட்டருக்கு அனுப்பும். அதைக் கழற்றினால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். தட்டையான வீதியில் வித்தியாசம் தெரியாது. சுமையோடு குருநாகல் பக்கம் ஏற்றம் ஏறும்போதோ, தலவில் நெரிசலில் ஊர்ந்து போகும்போதோதான் தெரியும்.

டர்போவுக்கும் நோய்கள் உண்டு, ஆனால் அவை சொல்லிவிட்டு வருபவை. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும், அதைத் தாங்குவது ஒயில் படலம் மட்டுமே. கொழும்பிலிருந்து அடித்து ஓட்டி வந்து வாசலில் நிறுத்திய கணமே சாவியைத் திருப்பினால், நின்ற ஒயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்தினால் போதும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கண்டக்குழி, நுரைச்சோலைப் பக்கம் மணல் எங்கும் பறக்கும். எயார் ஃபில்டரின் பொருத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் டர்போவின் முன் சக்கரத்தை அது அரம் போட்டுவிடும். நீலப்புகை வந்தால் உடனே பார்க்க வேண்டும். சீல் முழுதாகப் போனால் எஞ்சின் தன் ஒயிலையே எரிபொருளாக்கி, சாவியைத் திருப்பியும் நிற்காமல் ஓடக்கூடும்.

டீசல் பம்பைக் கெடுப்பது மண்ணெண்ணெய்க் கலப்படம். மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களுக்காக மண்ணெண்ணெய் புழங்கும் கரை இது. 2022 ஓகஸ்ட்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு உயர்த்தப்படும் வரை, விலை வித்தியாசமே கலப்படத்துக்குப் பெரும் தூண்டுதலாக இருந்தது. இந்தப் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, தன் வழியே போகும் டீசல்தான் அதன் வழுக்குப் பொருள். மண்ணெண்ணெயில் அந்த வழுக்கு இல்லை. 3சீ-டீஈயின் மின்னணுப் பம்ப் இதற்கு இன்னும் மென்மையானது. ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை அவ்வப்போது வெளியேற்றுவதும் அவசியம்.

டைமிங் பெல்ட்டுக்கு ஒரு லட்சம் கிலோமீற்றர்தான் ஆயுள். அறுந்தால் பிஸ்டன் வால்வை அடிக்கும். பழைய வானின் மீட்டரை நம்பக் கூடாது; எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லாவிட்டால் வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள்.

வாங்கப் போகிறவர் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போக வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து விரலை விட்டால் துருச் சேறா, எண்ணெய்ப் பிசுக்கா, சிவப்போ பச்சையோ தெளிந்த கூலன்டா என்று தெரியும். மூடியைப் பூட்டி ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்திருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட்டிலோ கஸ்கெட்டிலோ வாயு கசிகிறது. விலை பேசும் அளவுக்கு அது சிறிய குறை அல்ல.

வெடித்த ஹெட்டை ஒட்டி, சீவிப் பூட்டுவது மலிவு. டர்போ வகையில் வால்வுகளுக்கிடையே ஒட்டிய இடம் நிலைப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன், சுமை வானுக்குப் புதிய ஹெட்டே சரி. ஆனால் அதைப் பூட்டுமுன் ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். புளொக்கின் தண்ணீர்ப் பாதையையும் கழுவ வேண்டும். மூடியும் தேர்மோஸ்டாட்டும் புதிதாகவே இருக்கட்டும். கூலன்டை மெதுவாக ஊற்றி, ஹீட்டர் வழியைத் திறந்து வைத்து, தேர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிட்டு, காற்றுக் குமிழி நின்ற பிறகே மூட வேண்டும். எஞ்சின் இருக்கைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் இந்த வான்களில் காற்று சுலபமாகச் சிக்கிக்கொள்ளும். மறுநாள் காலை மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் அதே கலவையை ஊற்றி நிரப்புங்கள்.